ஜெனிக்காக நான் போட்ட சண்டை

என் பொண்ணு பேரை அந்தப் போர்டுல இருந்து நாலு தடவை அழிச்சாங்க.

சபையில சாட்சி சொல்ல வந்து நிக்கிறவ முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும்னு எனக்குத் தெரியும். சொல்றேன். ஆனா முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். மூணு வருஷமா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுறீங்க. மூணு வருஷமா மாட்டேன்னு சொல்லிட்டே இருந்தேன். கூச்சம்னு நினைச்சிருப்பீங்க. கூச்சம் இல்ல, கோபம். இன்னும் முழுசா அடங்கல. அடங்கின பிறகு சொல்லலாம்னு பாத்தா இந்த ஜென்மத்துல முடியாது போல இருக்கு. அதனால இருக்கிற கோபத்தோடயே வந்து நிக்கிறேன்.

புதுசா வந்திருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். என் பேரு ரூபி. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி குடியிருக்கோம். நான் வீட்டுல பிளவுஸ், பாவாடை தைக்கிறவ. எங்க வீட்டுக்காரர் ஜேக்கப், கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல லேத்து மிஷின் ஓட்டுறவர். எங்களுக்கு ஒரே பொண்ணு, ஜெனி.

ஜெனிக்கு இதயத்துல ஓட்டை. அவ பிறந்து மூணாவது மாசமே தெரியும். தானா மூடிக்கும்னு சொன்னாங்க. மூடல. கொஞ்சம் எடை ஏறட்டும்னு சொன்னாங்க. ஏறல. பால் குடிக்கும்போதே நெத்தியில வேர்த்துக் கொட்டும். நாலு வயசு ஆகியும் ரெண்டு வயசுப் பிள்ளை மாதிரி இருந்தா. தொண்ணூத்தஞ்சு அக்டோபர் மழையில அவளுக்குச் சளி பிடிச்சு நெஞ்சுல இறங்கிடுச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள போய் உள்ள போய் வந்துச்சு. அள்ளிக்கிட்டு ஓடினோம்.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரி. அங்க பெரிய டாக்டர் எங்களை உக்காரவெச்சுச் சொன்னார்.

"நுரையீரல்ல அழுத்தம் ஏறிக்கிட்டே போகுதும்மா. ரொம்பத் தள்ளிப் போனா அப்புறம் அந்த ஓட்டையை மூடுறதே ஆபத்தாயிடும். வீட்டுக்கு அனுப்பினா மறுபடியும் சளியோடதான் வருவா. இங்கயே இருக்கட்டும். நெஞ்சு சுத்தமானதும் ஆபரேஷன் பண்ணிடலாம்."

ஒரு வாரம் ஆகும்னு நினைச்சு ரெண்டு நைட்டி எடுத்துட்டுப் போனேன். மூணரை மாசம் இருந்தேன்.

குழந்தைங்க வார்டுல அம்மாவை மட்டும்தான் விடுவாங்க. அப்பாவுக்கும் பாக்க வர்றவங்களுக்கும் நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும்தான். இவர் ஷிப்ட் முடிஞ்சு கிண்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து சேர அஞ்சரை ஆயிடும். அரை மணி நேரம் அவளை மடியில வெச்சுக்கிட்டு இருப்பார். வாட்ச்மேன் மணி அடிச்சதும் எழுந்து போவார். அவர் போன பிறகு ஜெனி அழ மாட்டா. அதுதான் எனக்குப் பொறுக்காது. அழுதா தூக்கி வெச்சுக்கலாம். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா.

அந்த வார்டுல என் பொண்ணு என்னென்ன கத்துக்கிட்டா தெரியுமா? எந்த சிஸ்டர் ஊசி போட்டா வலிக்காது, எந்த சிஸ்டர் போட்டா வலிக்கும். எந்தக் கையில நரம்பு கிடைக்கும். ஊசி தட்டு வர்ற சத்தம் கேட்டதும் தானா சட்டைக் கையை மடிச்சு நீட்டுவா. "பாருங்க, எவ்ளோ நல்ல பொண்ணு"ன்னு சிஸ்டருங்க மத்த அம்மாங்க கிட்ட சொல்லுவாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும். நாலு வயசுப் பிள்ளை கையை நீட்டுறது நல்ல பொண்ணா இருக்கிறதால இல்ல. அழுது ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டதால.

இப்ப அந்தப் போர்டு.

வார்டு வாசல்ல ஒரு கரும்பலகை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் யார் யாருக்குன்னு சாக்பீஸ்ல எழுதுவாங்க. பேரு வந்துட்டா மறுநாள் விடிஞ்சதுல இருந்து குழந்தைக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாது. பால் கூடாது, தண்ணி கூடாது. பச்சை கவுன் போட்டுத் தலையை இறுக்கிப் பின்னிவிட்டுக் கூப்பிடுற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

முதல் தடவை நவம்பர் கடைசியில பேரு வந்துச்சு. காலையில இருந்து பட்டினி. பதினோரு மணிக்கு வந்து, ஒரு கைக்குழந்தைக்கு அவசரமாப் பண்ண வேண்டியிருக்கு, உங்களுக்கு இன்னைக்கு இல்லைன்னு சொன்னாங்க. சரி. அதுவும் ஒரு தாய் பெத்த குழந்தைதானே.

ரெண்டாவது தடவை காய்ச்சல்னு அழிச்சாங்க. மூணாவது தடவையும் காய்ச்சல். நெஞ்சுல சளி இல்ல. படம் எடுத்துப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. ரத்தம் எடுத்தாங்க. மூத்திரம் எடுத்தாங்க. மலேரியாவா இருக்கும்னு ஒரு நாள், வைரலா இருக்கும்னு ஒரு நாள். மருந்து கொடுத்தா நாலு நாள் இருக்காது. அப்புறம் நூறு, நூத்தொண்ணு. "எங்க இருந்துதான் வருது டாக்டர்?"னு ரவுண்ட்ஸ் வர்ற சின்ன டாக்டர் கிட்ட கேட்டேன். "ஆஸ்பத்திரியில இருந்தா காய்ச்சல் வரத்தாம்மா செய்யும்"னார். அப்ப எதுக்கு எங்களை ஆஸ்பத்திரியில வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

கிறிஸ்துமஸ் அந்த வார்டுல. பலூன் கட்டினாங்க. கேக்கு கொடுத்தாங்க. ஜெனி ஒரு துண்டு வாயில போட்டு, கொஞ்ச நேரம் கன்னத்துலயே ஒதுக்கி வெச்சிருந்து, என் கையில துப்பினா. நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்றியேன்னு திட்டினேன்.

கிறிஸ்துமஸ் முடிஞ்ச செவ்வாய்க்கிழமைதான் நாலாவது தடவை.

அன்னைக்குக் காலையில காய்ச்சல் இல்ல. சிஸ்டரே சிரிச்சுக்கிட்டு, "இன்னைக்குப் போயிடுவா பாருங்க"ன்னாங்க. எட்டு மணிக்கு ஜெனி தண்ணி கேட்டா. ஒன்பது மணிக்குக் கேட்டா. பத்து மணிக்கு, "அம்மா, குடிக்க மாட்டேன், வாயில வெச்சுட்டுத் துப்பிடுறேன்"னா. நான் பஞ்சை நனைச்சு உதட்டுல தடவினேன். அவ அந்தப் பஞ்சைப் பல்லால கவ்விச் சப்பினா. நான் அதைப் பிடுங்கினேன். பெத்த பிள்ளை வாயில இருந்து ஈரப் பஞ்சைப் பிடுங்கின கை இது.

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கூப்பிட வந்தாங்க. கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெம்பரேச்சர் பாத்தாங்க. நூத்தொண்ணு. அவ்வளவுதான். வந்த ஸ்ட்ரெச்சர் வண்டி காலியாத் திரும்பிப் போச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு சிஸ்டர் ஈரத் துணியால ஜெனிஃபர்ங்கிற எழுத்தைத் துடைச்சாங்க. துடைச்சுட்டு, "போய் ஏதாவது கொடுங்கம்மா, பசியா இருப்பா"ன்னாங்க.

காலையில வாங்கி வெச்ச இட்லி இருந்துச்சு. ஊட்டினேன். ரெண்டாவது வாயிலேயே துப்பிட்டா. மறுபடி ஊட்டினேன். துப்பினா.

"ஏண்டி துப்புற?"

"இட்லி குத்துதும்மா."

"இட்லி குத்துமா? இட்லியில என்ன முள்ளா இருக்கு?"

"குத்துது."

அறைஞ்சேன். கன்னத்துல. இடது கன்னத்துல.

இதைச் சொல்லாம சாட்சி சொல்ல முடியாது. அதனாலதான் மூணு வருஷம் ஆச்சு. போர்டை அழிச்சவங்க மேல இருந்த கோபம், டாக்டர் மேல இருந்த கோபம், கடவுள் மேல இருந்த கோபம், அத்தனையும் சேர்ந்து நாலு வயசுப் பிள்ளை கன்னத்துல போய் விழுந்துச்சு. அவ கையால கன்னத்தைப் பொத்திக்கிட்டு என்னையே பாத்தா.

அன்னைக்குச் சாயங்காலம்தான் நம்ம சபையில இருந்து வந்தீங்க. ஆமா, நீங்கதான். நாலு பேரு. ரெண்டு பேரு இப்பவும் இங்க உக்காந்திருக்கீங்க. பேரு சொல்ல மாட்டேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தீங்க. ஜெபம் பண்ணீங்க. நல்லாத்தான் பண்ணீங்க. பண்ணி முடிச்சுட்டு ஒரு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ரூபி, தப்பா நினைக்காத. நாலு தடவை தடை வருதுன்னா ஆண்டவர் ஏதோ சொல்றார். உன் வாழ்க்கையில அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாரு"ன்னீங்க.

நான் கேட்டேன்: "என் பாவத்துக்கு இவ நெஞ்சுல ஓட்டை போடுவாரா? அப்படிப்பட்டவரையா கும்பிடச் சொல்றீங்க?"

இன்னொருத்தங்க, "கோபப்படாத. பொறுமையா இரு. அவர் சோதிக்கிறார்"னாங்க.

"பெரியவங்களைச் சோதிக்கட்டும். தண்ணி கேட்டு அழுற குழந்தையைச் சோதிக்கிறவர் யாரு? எழுந்து போங்க"ன்னேன்.

போனீங்க. அந்த ஆரஞ்சுப் பழத்தையும் கொடுத்தனுப்பிட்டேன். அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு அப்புறம் ஒருத்தர் எனக்குச் சொல்லி அனுப்பினார். பழத்தைத் திருப்பிக் கொடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்குறேன். கேட்ட கேள்விக்குக் கேக்க மாட்டேன்.

எங்க வீட்டுக்காரர் அஞ்சரைக்கு வந்தார். ஜெனி கன்னத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். அவளை மடியில எடுத்து வெச்சுக்கிட்டு, "ஆண்டவர் சித்தம்"னு மெல்லச் சொன்னார். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "உங்க வாயில இருந்து இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சுன்னா பாத்துக்கோங்க"ன்னு வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்துல அவரை நான் அப்படிப் பேசினதில்ல.

அவர் குரலை உசத்தல. "ரூபி, நீ கத்த வேண்டிய ஆளு நான் இல்ல. ஆண்டவர்கிட்ட கத்து. என்கிட்ட கத்துற மாதிரியே அவர்கிட்ட கத்து. நீ அவர்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆகுதுன்னு எனக்குத் தெரியும்"னார்.

உண்மைதான். ஊர்ல எல்லாரும் ஜெபம் பண்ணாங்க. நான் பண்ணல. யாராவது கண்ணை மூடினா நானும் கண்ணை மூடிக்குவேன். உள்ள ஒண்ணும் இருக்காது.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே ஒரு சண்டை. அந்த வார்டுல கன்னியம்மான்னு ஒரு ஆயா. பெருக்கித் துடைக்கிறவங்க. ஜெனி துப்பின இட்லி கட்டிலுக்கு அடியில காய்ஞ்சு கிடந்துச்சு. "இன்னாமே, இத்தை யாரு வாருவாங்க? உங்க வூட்டு ஆளுங்களா வருவாங்க?"ன்னு கேட்டாங்க. நானும் விடல. வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவங்களும் பேசினாங்க. சிஸ்டர் வந்து ரெண்டு பேரையும் விலக்கினாங்க.

மத்தியானம் ஜெனி தூங்கிட்டா. பக்கத்துக் கட்டில் அம்மா கிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு, துவைச்ச துணியை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கதான் எல்லா அம்மாங்களும் துணி காயப்போடுவோம். நல்ல வெயில். யாரும் இல்ல. கொடியில அவ கவுனைப் போட்டேன். அந்த கவுன் சின்னதா இருந்துச்சு. நாலு வயசுப் பிள்ளை கவுன் மாதிரியே இல்ல. அதைப் பாத்ததும் என்னவோ உடைஞ்சு போச்சு.

நாம எப்பவும் கடவுளை 'நீர்', 'உமக்கு'ன்னுதான் கூப்பிடுவோம். எங்க அப்பா என்னைச் சின்ன வயசுல இருந்து அப்படித்தான் பழக்கினார். அன்னைக்கு எனக்கு அந்த மரியாதை வாயில வரல.

"உனக்குக் கண்ணு தெரியுதா? காது கேக்குதா?"ன்னு ஆரம்பிச்சேன். "நாலு தடவை பட்டினி போட்டாங்களே, பாத்துக்கிட்டு இருந்தியா? உனக்கும் ஒரு பிள்ளை இருந்துச்சே, சிலுவையில தொங்கிக்கிட்டு தண்ணி கேட்டுச்சே, அப்பவும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தியா? எனக்கு ஆறுதல் வேணாம். பொறுமை வேணாம். பாடம் ஒண்ணும் சொல்லித் தராத. அந்தக் காய்ச்சல் எங்க இருந்து வருது? அதை மட்டும் சொல்லு. டாக்டருக்குத் தெரியல, எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருக்க. சொல்லிடு. இல்லைன்னா இனிமே உன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்."

இதுதாங்க என் ஜெபம். ஆமென் கூடச் சொல்லல. பக்கெட்டை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

வானத்துல இருந்து சத்தம் வரல. மனசுல சமாதானமும் வரல. வந்துச்சுன்னு சொன்னா பொய். கீழ வரும்போது இன்னும் அதிகமாத்தான் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வந்து பாத்தா ஜெனி எழுந்து உக்காந்திருக்கா. பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த பன்னைத் தின்னுக்கிட்டு இருக்கா. கன்னியம்மா அந்தப் பக்கமா துடைச்சுக்கிட்டு வந்தாங்க. என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அஞ்சாறு தடவை துடைச்சிருப்பாங்க. அப்புறம் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கிட்டு நின்னாங்க. ஜெனியையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"இந்தாம்மே, நீ என்னாண்ட பேசாட்டி போ. ஒண்ணு சொல்றேன் கேளு. உம் பொண்ணு இன்னாத்துக்கு ஒரு பக்கமாவே மென்னுக்கினு கீது? தலைய சாய்ச்சுக்கினு துன்னுது பாரு. அந்தாண்ட பல்லு கில்லு வலிக்குதா?"

நான் பாத்தேன்.

தலையை வலது பக்கம் சாய்ச்சு, வலது பக்கமாவே மெல்லுறா. எத்தனை நாளா? ரெண்டு மாசமா இங்க மூணு வேளையும் நான்தான் ஊட்டுறேன். ரெண்டு மாசமா அவ முகத்துக்கு முன்னாடி நான்தான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியல. கட்டிலுக்குக் கட்டில் தரை துடைக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

"ஜெனி, வாயைத் திற."

அவ பன்னை மடியில வெச்சுட்டு உதட்டை இறுக்கிக்கிட்டா.

"திறடா கண்ணு. அம்மா பாக்கணும்."

"அடிக்க மாட்டியா?"

கன்னியம்மா சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. "அடிக்க மாட்டேண்டா. சத்தியமா அடிக்க மாட்டேன்"னேன். கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் திறந்தா.

கடைவாய்ப் பல்லு, இடது பக்கம், கீழ. கருப்பா குழி விழுந்திருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஈறுல கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கொப்புளம். வெள்ளையா சீழ் தெரியுது. நாத்தம் குப்புனு அடிச்சுது. நான் அடிச்ச கன்னத்துக்கு நேர் உள்பக்கம்.

இட்லி குத்துதுன்னு அவ சொன்னது அதைத்தான். குத்துறதுங்கிறதை வேற எப்படிச் சொல்லும் அந்தப் பிள்ளை?

சிஸ்டர் கிட்ட ஓடினேன். "பல்லா? நாளைக்கு ரவுண்ட்ஸ்ல சொல்லுங்கம்மா"ன்னாங்க. சின்ன டாக்டர் அந்தப் பக்கமா வந்தார். அவர்கிட்ட சொன்னேன். "பால் பல்லு சொத்தை எல்லாக் குழந்தைக்கும் இருக்கும்மா. அதுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போடாதீங்க"ன்னார்.

"நீங்க வாயைத் திறந்து பாத்தீங்களா?"

"அம்மா, நாங்க எவ்ளோ டெஸ்ட் எடுத்திருக்கோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"டெஸ்ட் எடுத்தீங்க. ரத்தத்தைப் பாத்தீங்க, மூத்திரத்தைப் பாத்தீங்க, நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்தீங்க. வாயைப் பாத்தீங்களா? ஒரே ஒரு நாள், ஒரே ஒருத்தர், பாத்தீங்களா?"

நான் ஜெனியைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். பெரிய டாக்டர் ரூம் வாசலுக்குப் போய்க் கதவுக்கு முன்னாடி தரையில உக்காந்துட்டேன். பியூன் வந்து எழுந்திரிக்கச் சொன்னார். எழுந்திரிக்கல. வாட்ச்மேனைக் கூட்டிட்டு வந்தார். எழுந்திரிக்கல. கன்னியம்மா துடைப்பத்தோட பின்னாடியே வந்து நின்னாங்க. "ஏன்யா பொம்பளையாண்ட கைய நீட்ற? இன்னா, பல்லத்தான பாக்கச் சொல்லுது? பாத்தா இன்னா கொறஞ்சுடும்?"னாங்க. காலையில என்னோட அவ்வளவு சண்டை போட்டவங்க. அவங்க வேலைக்கே அது ஆபத்து.

சத்தம் கேட்டுக் கதவு திறந்துச்சு. பெரிய டாக்டர் வந்தார். நான் எழுந்து நின்னு சொன்னேன். அழல. கோபமாத்தான் சொன்னேன். அவர் பையில இருந்து டார்ச்சை எடுத்தார். ஜெனி கிட்ட குனிஞ்சார். ஜெனி என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தா.

அவர் ரொம்ப நேரம் பாத்தார். நிமிர்ந்து, சின்ன டாக்டரைப் பாத்து, "இந்தக் குழந்தை எத்தனை நாளா இங்க இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நாங்க பாத்திருக்கணும்மா. முதல் வாரமே பாத்திருக்கணும். தப்பு எங்களோடது."

அத்தனை பெரிய மனுஷர் வாயில இருந்து அந்த வார்த்தை வந்ததும்தான் நான் கதவை விட்டு விலகி நின்னேன். அவர் விளக்கமாச் சொன்னார். அந்தச் சீழ்ல இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்துக்கிட்டே இருந்திருக்கு, அதான் விட்டு விட்டுக் காய்ச்சல். ஓட்டை இருக்கிற இதயத்துல அது போய் உக்காந்தா பெரிய ஆபத்து. இது தெரியாம ஆபரேஷன் பண்ணி உள்ள ஒட்டுப் போட்டிருந்தா, கிருமி அந்த ஒட்டுலயே பிடிச்சிருக்கலாம். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்.

மருந்து ஏத்தி, ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பல்லைப் பிடுங்கினாங்க. அஞ்சு நாள்ல காய்ச்சல் நின்னுச்சு. திரும்ப வரவே இல்ல. ஜெனி மூணு இட்லி சாப்பிட்டா. ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிட்டா.

இப்ப ஒண்ணு சொல்லணும். இதைக் கேட்டதும் நிறையப் பேரு, "பாத்தியா ரூபி, அதுக்காகத்தான் ஆண்டவர் நாலு தடவை தடுத்தார்"னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் நம்புறார். நான் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கல. முதல் தடவை அழிச்சது இன்னொரு குழந்தைக்காக. மத்ததெல்லாம் யாரும் வாயைத் திறந்து பாக்காததால. மனுஷங்க பண்ண தப்பை அவர் தலையில ஏத்தி, அதுக்கு ஸ்தோத்திரமும் சொல்ல என்னால முடியாது. குழந்தையைப் பட்டினி போட்டது அவர் இல்ல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆனா இதுவும் எனக்குத் தெரியும். நான் மொட்டை மாடியில ஒரு கேள்வி கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. மரியாதை இல்லாம, ஆமென் இல்லாம கேட்டேன். ஒரு மணி நேரம் கூட ஆகல. நான் கேட்ட அதே கேள்விக்குப் பதில் வந்துச்சு. அதுவும் யார் மூலமா? காலையில நான் யாரைக் கேவலமாப் பேசினேனோ, அவங்க மூலமா. கன்னியம்மாவுக்கு நம்ம கடவுளைத் தெரியாது. அவங்க ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துறவங்க. அதெல்லாம் அவர் பாக்கல போல இருக்கு. எனக்குத் தெரிய வேண்டியதை அவங்க கண்ணுல காட்டினார்.

என் கோபத்துக்காக அவர் முகத்தைத் திருப்பிக்கல. அதுதான் என் சாட்சி.

ஜனவரி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை ஜெனியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனாங்க. அஞ்சு மணி நேரம். எங்க வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு வந்திருந்தார். ரெண்டு பேரும் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவர் முணுமுணுன்னு ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தார். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன், திரும்பத் திரும்ப: "பாத்துக்கோ." மூணாவது மணி நேரத்துல கன்னியம்மா வந்து ரெண்டு டம்ளர் டீயைப் பெஞ்சுல வெச்சுட்டுப் போனாங்க. நாலரை மணிக்குப் பெரிய டாக்டர் முகமூடியைக் கழட்டிக்கிட்டே வந்தார். "ஓட்டையை மூடியாச்சு. நல்லா இருக்கா"ன்னார். எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னு டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். எனக்கு அழுகை வரல. அப்படியே அவர் உக்காந்திருந்த இடத்துல சாய்ஞ்சு தூங்கிட்டேன். மூணு மாசத்துல முதல் தூக்கம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, ஜெனியைக் கட்டில்ல உக்காரவெச்சு, "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. நீ சரியாத்தான் சொன்ன. அம்மாவுக்குத்தான் புரியல"ன்னு மன்னிப்புக் கேட்டேன். "எப்ப அடிச்ச?"ன்னா. அவ மறந்துட்டா. இல்ல, மறந்த மாதிரி சொன்னாளோ, தெரியாது. நான் மறக்க மாட்டேன். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அவ மேல கை வெச்சதில்ல. அவ ஒண்ணு சொன்னா, எவ்வளவு கிறுக்குத்தனமா இருந்தாலும், உக்காந்து கேக்குறேன்.

இப்ப மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அந்த வார்டுக்குப் போறேன். பைபிள் வசனம் எழுதின சீட்டு ஒண்ணும் எடுத்துட்டுப் போறதில்ல. அங்க இருக்கிற அம்மாங்க ஒரு மணி நேரம் கீழ போய்க் காப்பி குடிச்சுட்டு, முகம் கழுவிட்டு வரட்டும்னு, அவங்க பிள்ளைங்க கூட உக்காந்திருக்கேன். டாக்டரைக் கேள்வி கேக்கப் பயப்படுறவங்களுக்காக நான் கேக்குறேன். என்னைப் பாத்தாலே சில டாக்டருங்க வேகமா நடக்குறாங்க. நடக்கட்டும்.

வெளிய சத்தம் கேக்குதா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க காம்பவுண்டுல ஓடுறாங்க. அதுல ஒரு பிள்ளை என்னோடது. ஏழு வயசு. மரத்தைச் சுத்தி ஓடிட்டு, மூச்சு வாங்காம, திரும்பவும் ஓடுறா. ஆராதனை நேரத்துல உன் பொண்ணு சத்தம் போடுறான்னு போன வாரம் ஒருத்தர் என்கிட்ட வந்து சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்க சொல்ல முடியாது.

சொல்றேன்னு சொன்ன ஸ்தோத்திரத்தை இப்ப சொல்லிடுறேன். ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். 'நீர்'னே சொல்றேன், பாருங்க. என் பொண்ணைத் திருப்பிக் கொடுத்தீர். என்னையும் வெளிய தள்ளாம வெச்சுக்கிட்டீர்.

இங்க இருக்கிறவங்கள்ல யார் வீட்டுலயாவது ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கலாம். ஜெபம் பண்ண முடியாம, மத்தவங்க கண்ணை மூடும்போது சும்மா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கலாம். அவங்களுக்குச் சொல்றேன். அவர்கிட்ட பேசாம மட்டும் இருக்காதீங்க. கத்தணும்னா கத்துங்க, அவர் தாங்குவார். என்ன வேணும்னு நேரா கேளுங்க. கேட்டுட்டு, பக்கத்துல யார் என்ன சொல்றாங்கன்னு காது கொடுங்க, அவங்க யாரா இருந்தாலும்.

கூட்டம் முடிஞ்சதும் நான் வாசல்கிட்ட நிப்பேன். தனியாக் கேக்கப் பயமா இருந்தா என்கிட்ட வாங்க. உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். உங்க பக்கத்துல நின்னு, நானும் சேர்ந்து அவரைக் கேப்பேன்.